மாத்திரை நேரத்தை எழும் நேரத்திலிருந்து எண்ணுங்கள்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு 63 வயது. பர்மாவில், பெகு நகரில் மகன் குடும்பத்தோடு இருக்கிறேன். வீட்டு வாசலிலேயே காலையில் தோசைக் கடை போடுகிறேன். 2025 மார்ச் நிலநடுக்கத்தில் மண்டலேயில் என் தங்கை வீடு இடிந்துபோனது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்குப் போன தூக்கம் எனக்குத் திரும்பவில்லை. மருத்துவர் ஸோல்பிடெம் 10 மில்லிகிராம் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் படுக்கும்போது போடச் சொன்னார். ஏழு மாதமாகத் தினமும் போடுகிறேன்.

இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு. சாப்பிட்ட கையோடு எட்டரைக்கே மாத்திரையைப் போட்டுவிடுவேன், படுக்கிற நேரத்துக்கு வேலை செய்யட்டும் என்று. ஒன்பதரைக்குச் சென்னைத் தொடர் ஒன்று பார்ப்பேன். பத்து மணிக்குச் சென்னையில் இருக்கும் மகள் போன் செய்வாள். பேசிவிட்டுப் படுத்தால் பதினொன்று வரை புரள்வேன். ஒன்றரைக்கு முழித்துக்கொள்வேன். சில நாள் அந்த நேரத்தில்தான் "மீ லா பீ" என்று தெருவே கத்தும். கரண்டு வந்துவிட்டதே என்று எழுந்து மோட்டார் போடுவேன், மாவு அரைப்பேன். பிறகு தூக்கம் வராவிட்டால் மிச்சப் பாதியையும் போட்டுக்கொள்வேன். நாலரைக்கு எழ வேண்டும். காலையில் தலை கிறுகிறுக்கிறது, கால் தள்ளாடுகிறது. மத்தியானம் ஒன்றரை மணி நேரம் தூங்குகிறேன். சாயங்காலம் ஏழரைக்கு நாற்காலியிலேயே கண் அசந்துவிடுகிறது. போன வாரம் மகள், "நேற்று இதையெல்லாம் பேசினோமே அம்மா, மறுபடி கேக்கிறீங்களே" என்றாள். பேசியதே எனக்கு நினைவில் இல்லை. பயமாக இருக்கிறது. மாத்திரையை எத்தனை மணிக்குப் போட வேண்டும், எத்தனை மணிக்குப் படுக்க வேண்டும், சொல்லுங்கள்.

பதில்: அம்மா, வணக்கம். "தூக்கம் வரவில்லை" என்று ஒரே வரியில் எழுதாமல், எத்தனை மணிக்கு என்ன நடக்கிறது என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் எழுவது 4.30க்கு. அங்கிருந்து பின்னோக்கி ஏழு மணி நேரம் எண்ணுங்கள். 9.30 வருகிறது. அதுதான் மாத்திரை நேரம். படுக்கிற நேரமும் விளக்கை அணைக்கிற நேரமும் அதுவேதான். ஒன்பதே முக்காலைத் தாண்டிவிட்டால் அன்றைக்கு மாத்திரை வேண்டாம். நடுராத்திரியில் மிச்சப் பாதி என்பது இனி எந்த நாளும் கிடையாது.

உங்கள் மருத்துவர் "படுக்கும்போது" என்று சொன்னதைப் பலரும் உங்களைப் போலத்தான் புரிந்துகொள்கிறார்கள். இரவு வேளை மாத்திரை, அதனால் சாப்பிட்ட பிறகு போட வேண்டியது என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரத்த அழுத்த மாத்திரைக்கு அது சரி. அரை மணி முன்னே பின்னே ஆனால் அங்கே ஒன்றும் ஆகாது. ஸோல்பிடெம் அப்படியில்லை. அது வேகமாக ஏறி வேகமாக இறங்கும் மருந்து. வெறும் வயிற்றில் போட்டால் பதினைந்து நிமிடம், அரை மணிக்குள் வேலையைத் தொடங்கிவிடும். ஒன்றரை மணி நேரத்தில் இரத்தத்தில் உச்சத்தைத் தொடும். அதற்குப் பிறகு சுமார் இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். வயது கூடக்கூட இந்தக் குறைதல் மெதுவாக நடக்கும்.

இதை உங்கள் இரவோடு பொருத்திப் பாருங்கள். எட்டு மணிக்குச் சோறு, எட்டரைக்கு மாத்திரை. வயிறு நிறைந்திருக்கும்போது போட்டால் இந்த மருந்து இரத்தத்தில் சேர்வது தாமதமாகும், உச்சமும் மட்டுப்படும். ஆக, உங்களுக்கு அது உச்சத்துக்கு வருவது பத்தரை வாக்கில். அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? வெளிச்சமான திரைக்கு முன்னால் உட்கார்ந்து மகளோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தூங்கச் சொல்லி மருந்து மூளையைத் தள்ளுகிறது, நீங்கள் முழித்திருக்கப் போராடுகிறீர்கள். பதினொன்றுக்குத் தூங்கும்போது மருந்து இறங்க ஆரம்பித்துவிட்டது. ஒன்றரைக்கு அதில் பாதி போய்விட்டது, முழிப்பு வந்துவிட்டது. மருந்து உங்களுக்கு வேலை செய்யவில்லை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அது வேலை செய்தது, நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரத்தில்.

மகளிடம் பேசியது மறந்துபோனதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இந்த வகை மாத்திரைகள் புதிதாக நடப்பதை மூளை பதிந்து வைப்பதைத் தடுக்கும். படுக்கையில் இருந்தால் பதிய ஒன்றும் இல்லை, நமக்குத் தெரியவும் தெரியாது. முழித்திருந்தால் பேசியது, சாப்பிட்டது, எடுத்து வைத்தது எதுவும் மறுநாள் நினைவில் இல்லாமல் போகலாம். நீங்கள் பயந்த மாதிரி இது மறதி நோயின் அறிகுறி என்று இப்போது நான் நினைக்க மாட்டேன். மாத்திரை நேரத்தைச் சரிசெய்த பிறகும், பகலில் நடந்தவையும் மறக்கத் தொடங்கினால் அது வேறு விஷயம், அப்போது கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். ஸோல்பிடெம் போட்டுவிட்டு முழு உணர்வில்லாமல் எழுந்து நடப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவது என்று நடந்து, காயமும் உயிரிழப்பும் ஏற்பட்டிருக்கின்றன. 2019ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த வகை மாத்திரைகளின் தகவல் குறிப்பில் கட்டம் கட்டிய எச்சரிக்கை போடச் சொன்னதற்கு அதுதான் காரணம். அடுப்பும் எண்ணெயும் கிரைண்டரும் புழங்கும் வீடு உங்களுடையது. காலையில் எழுந்து பார்த்தால் அடுப்படியில் நீங்கள் செய்ததாக நினைவே இல்லாத வேலை ஏதாவது நடந்திருந்தால், தூக்கத்தில் எழுந்து நடந்ததாக வீட்டில் யாராவது சொன்னால், ஒருமுறை நடந்தாலே போதும். அன்றிரவே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதை மருமகளிடமும் சொல்லி வையுங்கள். உங்களுக்குத் தெரியாமல் நடப்பதை அவர்தான் பார்க்க முடியும்.

காலைக் கிறுகிறுப்புக்கு வருகிறேன். ஒன்றரைக்கோ இரண்டுக்கோ போடுகிற மிச்சப் பாதிதான் முக்கியக் குற்றவாளி. நாலரைக்கு நீங்கள் எழும்போது அந்தப் பாதியில் கிட்டத்தட்ட பாதி இன்னும் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் இருட்டில் எழுந்து, கல்லைச் சூடேற்றி, எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் நிற்கிறீர்கள். இந்த மருந்துக்கு ஏழெட்டு மணி நேரம் முழுசாகப் படுக்கையில் இருக்க வேண்டும் என்பது வெறும் பேச்சுக்குச் சொல்வதல்ல. பெண்களின் உடலிலிருந்து இது ஆண்களைவிட மெதுவாகத்தான் வெளியேறுகிறது. மறுநாள் காலையில் வண்டி ஓட்ட முடியாத அளவுக்கு மருந்து மிச்சம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, 2013ல் அமெரிக்காவில் பெண்களுக்கான அளவை 10லிருந்து 5 மில்லிகிராமாகக் குறைத்தார்கள். உங்கள் மருத்துவர் பாதி என்று எழுதியது அந்தக் கணக்கில்தான். பாதியும் பாதியும் சேர்ந்தால் அவர் வேண்டாம் என்று தவிர்த்த அளவுக்கே நீங்கள் போய்விடுகிறீர்கள், அதுவும் எழுவதற்கு மூன்று மணி நேரம் முன்னால்.

சரி, ஒன்பதரைக்குப் போட்டால் ஒன்பதரைக்குத் தூக்கம் வருமா என்று கேட்பீர்கள். இப்போது இருக்கிற மாதிரியே பகல் இருந்தால் வராது. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த இடம் இதுதான்.

உங்கள் தூக்கத்தைக் கூட்டிப் பாருங்கள். இரவு பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை இரண்டரை மணி. மறுபடி கண் அசந்து நாலரைக்கு எழும்வரை இரண்டு மணி என்று வையுங்கள். மத்தியானம் ஒன்றரை மணி. சாயங்காலம் நாற்காலியில் அரை மணி. ஆறரை மணி நேரம் ஆகிறது. உங்கள் வயதில் ஏழு மணி நேரம் தூங்கினால் நல்ல தூக்கம். ஆக, உங்களிடம் தூக்கம் இல்லாமல் இல்லை. இருபத்து நான்கு மணி நேரத்தில் நான்கு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. எந்த மாத்திரையும் அதைப் பொறுக்கி ஒன்றாகச் சேர்க்காது. அதை நீங்கள்தான் செய்ய வேண்டும், முடியும்.

முழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது சேரச் சேரத்தான் தூக்கம் அழுத்தும். மத்தியானம் ஒன்றரை மணி நேரம் தூங்கினால் சேர்த்ததில் ஒரு பங்கைச் செலவழித்துவிடுகிறீர்கள். ஏழரைக்கு நாற்காலியில் அசருவது அதைவிட மோசம், இரவுக்கு வைத்திருந்த மிச்சத்தையும் அது எடுத்துக்கொள்கிறது. கடையை மூடிவிட்டுப் படுக்கிற மத்தியானத் தூக்கத்தை நான் முழுசாக நிறுத்தச் சொல்லவில்லை. நாலரைக்கு எழுந்து அடுப்படியில் நிற்கிறவருக்கு உடம்பு கேட்கும். ஒரு மணிக்குள் படுத்து, அலாரம் வைத்து, அரை மணியில் எழுந்துவிடுங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அந்த நாற்காலியில் உட்காராதீர்கள். அந்த நேரத்துக்கு நின்று செய்கிற வேலை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பேரப் பிள்ளைகளோடு தெருமுனை வரை நடந்து வந்தாலும் நல்லது.

இன்னொன்று உடம்பின் கடிகாரம். நாம் வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம் தூக்கம் லேசில் வராத நேரம். இஸ்ரேல் நாட்டு ஆய்வாளர் பெரெட்ஸ் லாவி 1986ல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை படுக்கவைத்துப் பார்த்து இதைக் காட்டினார். உடம்பு தயாராகாத அந்த நேரத்தில் மாத்திரையைப் போடுவது, கல் காயுமுன் மாவை ஊற்றுவது மாதிரி. உங்கள் கடிகாரம் இப்போது பதினொன்றில் நிற்கிறது. அதை ஒன்பதரைக்கு இழுக்க வேண்டும் என்றால் ஒரே நாளில் முடியாது. காலை வெளிச்சமும், தினமும் ஒரே நேரத்தில் எழுவதும்தான் அதை இழுக்கும். கடை இல்லாத நாளிலும் நாலரைக்கே எழுங்கள். விடிந்ததும் கடைக்குள்ளேயே நிற்காமல் வாசலுக்கு வந்து, கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் நின்று வேலை செய்யுங்கள். முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். பத்து நாள், இரண்டு வாரத்தில் இரவு ஒன்பது மணிக்குக் கொட்டாவி வர ஆரம்பிக்கும்.

சாயங்காலம் லப்பெ தோ சாப்பிடும் பழக்கம் உண்டா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் இந்த ஊரில் கேட்காமல் விட முடியாது. ஊறவைத்த தேயிலையைச் சவைத்துத் தின்கிறோம். டீயில் இறங்குவது ஒரு பங்கு, இதில் இலையே வயிற்றுக்குள் போகிறது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் தூக்கம் வராமல் இருக்க அதைத்தானே தின்கிறார்கள்? காஃபீன் உடலில் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம்போல ஆகும். மத்தியானத்துக்கு மேல் லப்பெ தோவும் வேண்டாம், டீயும் வேண்டாம், சாப்பாட்டுக் கடையில் மேசை மேல் வைத்திருக்கிற வெறும் தேயிலைத் தண்ணீரும் வேண்டாம்.

இனி இரவு எப்படிப் போக வேண்டும் என்று சொல்கிறேன். சாப்பாட்டை ஏழு மணிக்குக் கொண்டுவாருங்கள். ஒன்பதரைக்கு வயிறு லேசாகியிருக்கும், மருந்து சொன்ன நேரத்தில் வேலை செய்யும். மகளோடு பேசுவதை விட வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். சென்னை நேரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். அவள் அங்கே ஏழு மணிக்கு அழைத்தால் உங்களுக்கு எட்டு. தொடர் அங்கே எட்டரைக்கு, இங்கே ஒன்பதரை. அதை மறுநாள் மத்தியானம் போனில் பார்க்கலாம். மாத்திரையும் அந்தத் தொடரும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது.

ஒன்பது மணிக்கு மேல் மாவுப் பாத்திரம், கேஸ், கதவு எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். பாத்ரூம் போய்விட்டு வாருங்கள். டார்ச் லைட்டும் செருப்பும் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். கொசுவலையை இறக்கி, அதற்குள் போய் உட்காருங்கள். அதற்குப் பிறகுதான் மாத்திரை வாய்க்குள் போக வேண்டும். மாத்திரை போட்ட பிறகு செய்ய வேண்டிய வேலை என்று ஒன்றுகூட மிச்சம் இருக்கக் கூடாது. போட்டுவிட்டு "தூக்கம் வரட்டும், பிறகு படுக்கலாம்" என்று உட்கார்ந்திருப்பவர்கள்தான் நடுவில் எழுந்து விழுகிறார்கள். 60 வயதுக்கு மேல் ஒரு விழுதலே இடுப்பெலும்பை முறித்துவிடக்கூடும்.

அரை மணி ஆகியும் தூக்கம் வராவிட்டால்? மாத்திரை போடாதவர்களுக்கு நான், எழுந்து வேறு அறைக்குப் போய் உட்காருங்கள், தூக்கம் வந்தால் மட்டும் திரும்பிப் படுங்கள் என்பேன். 1972லேயே ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் சொன்ன முறை அது, இன்றும் அதற்கு மிஞ்சியது குறைவு. மாத்திரை போட்ட உங்களுக்கு அதில் ஒரு திருத்தம்: நடமாட வேண்டாம். கட்டில் ஓரத்தில் எழுந்து உட்கார்ந்து கொள்ளுங்கள், ஜெபமாலை உருட்டுங்கள், கந்தர் சஷ்டி கவசம் சொல்லுங்கள், எதுவானாலும் சரி. போனை மட்டும் எடுக்காதீர்கள். மணியையும் பார்க்காதீர்கள்.

கரண்டு விஷயம் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. ராத்திரி ஒரு மணிக்கு மின்சாரம் வந்தால் ஊரே எழுந்து தண்ணீர் ஏற்றுகிறது, சோறு வைக்கிறது, போனைச் சார்ஜ் போடுகிறது. நம் எல்லோருடைய வாழ்க்கையும் இப்போது அப்படித்தான் இருக்கிறது. உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தூக்க மாத்திரை உள்ளே இருக்கும்போது, ஈரத் தரையில் நின்று மோட்டார் சுவிட்சைத் தொடுவதையும், ஓடுகிற கிரைண்டருக்குள் மாவைத் தள்ளிவிடுவதையும் நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. மகனோ மருமகளோ அந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்களிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். உங்கள் கடை அந்த வீட்டுக்கும் சேர்த்துத்தானே? முறை வைத்து விடுகிற கரண்டு உங்கள் தெருவுக்கு நள்ளிரவில்தான் வரும், வேறு ஆள் இல்லை என்றால் அந்த இரவு மாத்திரை வேண்டாம். தூக்கம் அன்று குறைவாகத்தான் இருக்கும், ஆனால் கை போகாது. பீலிக்கான் கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டு நடுநிசியில் வீடு திரும்புகிற நாளுக்கும் இதே விதிதான்.

ஒரு நாள் விடலாம் என்று நான் சொல்வது, ஸோல்பிடெம் பாதி மாத்திரை போடுகிற உங்களுக்கு. இதைப் படிக்கிற வேறு யாராவது டயசெபாம், க்ளோனசெபாம், அல்பிரஸோலாம் தினமும் போட்டுக்கொண்டிருந்தால் தாங்களாக நிறுத்தக் கூடாது. திடீரென்று விட்டால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும். அந்த மருந்துகளின் நேரக் கணக்கும் வேறு. டயசெபாமும் அது உடைந்து உண்டாகும் பொருளும் நாள்கணக்கில் உடம்பில் தங்கும், அதனால் எத்தனை மணிக்குப் போட்டாலும் மறுநாள் மந்தம் இருக்கும். நீண்ட நேரம் மெதுவாகக் கரையும் ஸோல்பிடெம் மாத்திரையும் உண்டு, அதை உடைக்கவே கூடாது. மெலடோனின் படுக்கைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் போட வேண்டியது. பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரைக்குச் சொன்ன நேரம் உங்கள் மாத்திரைக்குப் பொருந்தாது.

முட்டி வலிக்கோ சளிக்கோ கடையில் நாலைந்து மாத்திரையைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுப்பார்களே, பெயரும் இருக்காது, அந்தப் பொட்டலம் வாங்குகிறீர்களா? அதில் தூக்கம் தரும் அலர்ஜி மாத்திரை இருக்கலாம், டிராமடால் போன்ற வலி மாத்திரை இருக்கலாம். ஸோல்பிடெத்தோடு சேர்ந்தால் மூச்சையே மந்தமாக்கும். ஸ்டீராய்டும் இருக்கலாம், அது தூக்கத்தைக் கெடுக்கும். மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் பையோடு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு ஸோல்பிடெம் சரியாக வேலை செய்யாது. அவர்கள் அளவைக் கூட்டாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மதுவும் இந்த மாத்திரையும் ஒரே இரவில் சேரவே கூடாது. பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறுபவர்கள் முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் தூக்க மாத்திரை வாங்க வேண்டும்.

நிலநடுக்கத்தைப் பற்றி ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்து போய்விட்டீர்கள். நான் அப்படிக் கடக்க விரும்பவில்லை. மார்ச் 28க்குப் பிறகு கதவோரம் படுப்பவர்கள், லாரி போகும் அதிர்வுக்கே எழுந்து உட்காருபவர்கள் நம்மிடையே நிறையப் பேர். மாத்திரை அந்தப் பயத்தை ஒன்றும் செய்யாது, சில மணி நேரம் மூடிவைக்கும். ஒன்றரைக்கு நீங்கள் முழிக்கும்போது மனதில் என்ன ஓடுகிறது? தங்கை வீடு கண்முன் வருகிறதா, கெட்ட கனவு வருகிறதா, மாவையும் தண்ணீரையும் பற்றிய நினைப்பு மட்டும்தானா? முதலிரண்டும் என்றால் அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள், அதற்கு வேறு சிகிச்சை இருக்கிறது. மகளிடமும் தங்கையிடமும் பகலில் பேசுங்கள். இரவில் நில அதிர்வு வந்தால் உங்களை எழுப்பி வெளியே கூட்டிப்போவது யார் என்று வீட்டில் இப்போதே பேசி வையுங்கள். அது முடிவானால் உங்கள் மனதும் கொஞ்சம் இறங்கும்.

ஏழு மாதம் என்பது இந்த மாத்திரைக்கு நீண்ட காலம். சில வாரங்களுக்கு என்று கொடுக்கப்படுவது இது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, மேலே சொன்ன நேர ஒழுங்கும் படுக்கைப் பழக்கமும் சேர்ந்த பயிற்சிதான் என்று 2016ல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் பரிந்துரைத்தது. என் அனுபவமும் அதுதான். ஆனால் நேரம் தாறுமாறாக இருக்கும்போதே மாத்திரையை நிறுத்தினால், இரண்டு மூன்று இரவு தூக்கமே இல்லாமல் போகும், "மாத்திரை இல்லாமல் முடியாது" என்று மனது முடிவு கட்டிவிடும். அதனால் முதலில் நேரம், பிறகு நிறுத்தம். ஒரு மாதம் ஒன்பதரை–நாலரை ஒழுங்கு நிலைத்த பிறகு, உங்கள் மருத்துவரே அளவைப் படிப்படியாகக் குறைத்துத் தருவார். எவ்வளவு, எத்தனை நாளுக்கு என்பதை அவர் சொல்லட்டும், நீங்களாகக் கூட்டிக் குறைக்க வேண்டாம்.

கடைக் கடன் எழுதுகிற நோட்டு வைத்திருப்பீர்கள். அதன் பின்பக்கத்தில் தினமும் காலையில் ஒரு வரி எழுதுங்கள்: மாத்திரை எத்தனை மணிக்கு, விளக்கை அணைத்தது எப்போது, சுமாராக எப்போது தூங்கியிருப்பீர்கள், எத்தனை முறை முழிப்பு, எழுந்தது எப்போது, பகலில் எவ்வளவு தூங்கினீர்கள். ராத்திரியில் மணி பார்த்து எழுத வேண்டாம், காலையில் தோன்றுகிற கணக்கு போதும். இரண்டு வாரம் எழுதியதும் அந்த நோட்டையும், வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் போங்கள். மிச்சப் பாதியை நடுராத்திரியில் போட்டு வந்ததையும், மகளோடு பேசியது மறந்துபோனதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கு முன்பே கீழே விழுந்துவிட்டால், தூக்கத்தில் நடந்தால், காலையில் எழுப்பியும் எழ முடியாமல் போனால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள்.